ரைடர் என்றொரு விதைக்காரர்

விளையாட்டுப் பக்கத்தில் 'ரைடர் கோப்பை' என்ற தலைப்பைப் பார்க்கிற நம் ஊர் வாசகருக்கு முதலில் கோல்ஃப் நினைவுக்கு வராது. மோட்டார் சைக்கிள் பந்தயமோ என்று நினைப்பவர் உண்டு. கபடி ரசிகர் 'ரெய்டர்' என்று வாசித்துவிடுவார். சென்னைத் தெருவில் இன்று ரைடர் என்றால் செயலியில் கூப்பிட்டதும் பைக்கோடு வந்து நிற்கிற இளைஞர். இவர்கள் யாருக்கும் அந்தக் கோப்பையோடு உறவில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அமெரிக்காவின் பன்னிரண்டு பேரும் ஐரோப்பாவின் பன்னிரண்டு பேரும் மூன்று நாள் மோதிக்கொள்ளும் கோல்ஃப் போட்டி அது. அதன் பெயரில் இருக்கும் ரைடர், ஒரு பென்னிக்கு ஒரு பொட்டலம் என்று விதை விற்றவர்.

இந்தப் போட்டியில் பெயரைத் தவிர ஏறக்குறைய எல்லாமே மாறியிருக்கிறது. எதிரணியின் பெயர் இரண்டு முறை மாறியிருக்கிறது. மொத்தப் புள்ளிகள் 12ல் தொடங்கி 24, 32, 20 என்று ஏறி இறங்கி 28ல் வந்து நின்றிருக்கின்றன. ஒற்றைப்படை ஆண்டில் நடந்தது இரட்டைப்படைக்குப் போய்த் திரும்பி வந்தது. நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் வேறு செல்வர்கள் பணம் கொடுத்துக் காப்பாற்றினார்கள். விதைக்காரரின் பெயர் மட்டும் அசையவில்லை.

குடும்பப் பெயரிலிருந்து தொடங்கலாம். ஸ்மித் என்றால் கொல்லர், டெய்லர் என்றால் தையற்காரர் என்பதுபோல ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்களில் பல, மூதாதை ஒருவரின் தொழிலைச் சொல்லும். சில அவர் குடியிருந்த இடத்தைச் சொல்லும். ரைடர் என்பதற்குப் பெயராய்வாளர்கள் இரண்டு வேர்களும் காட்டுகிறார்கள். குதிரையேறிச் செல்பவர் என்பது முதல் வேர். வீரராகவோ செய்தி கொண்டுபோகிற தூதராகவோ இருந்திருக்கலாம். இரண்டாவது, காட்டை வெட்டித் திருத்திய வெளியைக் குறித்த ஒரு பழைய ஆங்கிலச் சொல். அப்படிப்பட்ட வெளியை ஒட்டிக் குடியிருந்தவர் ரைடர். விதை வியாபாரிக்கு இரண்டாவதுதான் எத்தனை பொருத்தம் என்று மனம் தாவுகிறது. ஆனால் பொருத்தம் பார்த்து வேர் தீர்மானிப்பது சாதகம் பார்க்கிற வேலை, சொல்லாராய்ச்சி அல்ல. ஆகவே இரண்டையும் அப்படியே விட்டுவிடுகிறேன்.

'ரைடர்' என்ற பெயரில் ஒரு பொன் நாணயமும் இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் மூன்றாம் ஜேம்ஸ் மன்னர் வெளியிட்டது. குதிரைமேல் மன்னர் வீற்றிருக்கும் உருவம் பொறித்திருந்ததால் அந்தப் பெயர். அவருடைய தந்தை இரண்டாம் ஜேம்ஸின் காலத்தில், 1457ல், ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: கால்பந்தும் கோல்ஃபும் ஆடக் கூடாது, எல்லாரும் வில் பழக வேண்டும். கோல்ஃப் என்ற சொல்லுக்கு நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய எழுத்துச் சான்று அந்தத் தடையுத்தரவுதான். பிறப்புச் சான்றிதழே தண்டனை ஓலையாக அமைந்த விளையாட்டு வேறு உண்டா தெரியவில்லை. பொன் ரைடருக்கும் ரைடரின் பொற்கோப்பைக்கும் பெயரால் மட்டுமே உறவு. என்றாலும் அந்த வில்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒருமுறை வரும்.

சாமுவேல் ரைடர் 1858ல் லங்காஷயரில் பிரெஸ்டன் அருகே வால்டன்-லே-டேல் என்ற ஊரில் பிறந்தார். தந்தைக்குத் தோட்டத் தொழில். செல்வந்தர்கள் பெரிய அளவில் வாங்குகிற விதையை ஏழைத் தொழிலாளியும் வாங்கும்படி சிறு பொட்டலமாகக் கட்டி, எந்த விதையானாலும் ஒரு பென்னி என்று அஞ்சலில் அனுப்பினால் என்ன என்பது மகனின் யோசனை. தந்தைக்கு அது பிடிக்கவில்லை. மகன் தெற்கே லண்டன் பக்கத்து செயின்ட் ஆல்பன்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்து வீட்டிலிருந்தே தொழிலைத் தொடங்கினார். சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து தொழிலாளி வீடு திரும்பும்போது பொட்டலம் கையில் இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் அஞ்சலில் சேர்ப்பார்களாம். வியாபாரம் பெருகியது. 1905ல் அவர் அந்நகரின் மேயர். பின்னாளில் தம்பி ஜேம்ஸோடு சேர்ந்து மூலிகை விற்கத் தொடங்கிய 'ஹீத் அண்ட் ஹெதர்' நிறுவனத்தின் பெயரை இன்றும் இங்கிலாந்துக் கடைகளில் மூலிகைத் தேநீர் அட்டைப்பெட்டிமேல் பார்க்கலாம்.

கோல்ஃப் அவருக்கு இளமையில் வந்ததல்ல. ஐம்பது வயதை ஒட்டி உடல் தளர்ந்தபோது, வெளிக்காற்று நல்லது என்று சொல்லப்பட்டு மட்டையைப் பிடித்தவர். பிடித்தபின் விடவில்லை. வாரத்தில் ஆறு நாள் பயிற்சி; திருச்சபை ஈடுபாடு மிகுந்தவர் என்பதால் ஞாயிறு மட்டும் மட்டையைத் தொடமாட்டார். இன்று அவர் பெயரிலான போட்டியின் கோப்பை யாருக்கு என்று தீர்மானமாகும் நாள் ஞாயிறுதான். மனிதர் இருந்திருந்தால் முகம் சுளித்திருப்பாரோ என்னவோ! 1910ல் ஊரிலுள்ள வெருலம் கோல்ஃப் கிளப்பில் சேர்ந்தார்; மறு ஆண்டே அதன் கேப்டன். வெருலம் என்பது ரோமானியர் அந்த இடத்தில் கட்டிய வெருலாமியம் நகரின் தேய்ந்த பெயர். ரோமானியர் காலத்தில் அங்கே கிறித்தவத்துக்காக உயிர்விட்ட ஆல்பன் பெயரால் நகரம் செயின்ட் ஆல்பன்ஸ் ஆயிற்று. பழம்பெயரைக் கோல்ஃப் கிளப் வைத்துக்கொண்டது.

இனி கோப்பை. தமிழில் நாம் சொல்லும் கோப்பை, போர்த்துகீசியரின் 'கோப்போ' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள் அகராதிக்காரர்கள். அந்த 'கோப்போ'வும் ஆங்கிலத்தின் 'கப்'பும் ஒரே லத்தீன் தாயின் பிள்ளைகள். ஆக, 'கப்' என்ற சொல்லைக் 'கோப்பை' ஆக்கும்போது மொழிபெயர்க்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறோமே தவிர, உண்மையில் ஒரு குடும்பத்தின் இரு கிளைகளை மாற்றி வைக்கிறோம். கோல்ஃபில் 'கப்' என்றால் இன்னொரு பொருளும் உண்டு. பந்து போய் விழ வேண்டிய குழிக்கே அந்தப் பெயர். அதன் விட்டம் நாலேகால் அங்குலம். ரைடரின் கோப்பை பொன்னாலானது, பதினேழு அங்குல உயரம், நான்கு பவுண்டு எடை. மேப்பின் அண்ட் வெப் என்ற புகழ்பெற்ற நகைக்கடையில் செய்தார்கள். விலை 250 பவுண்டு.

கோப்பையின் மூடிமேல் மட்டை பிடித்து நிற்கும் ஒரு சிறு உருவம் இருக்கிறது. அது ரைடரல்ல, ஏப் மிட்செல். அக்காலத்தின் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். ரைடர் அவரைத் தம் சொந்தப் பயிற்சியாளராகச் சம்பளம் கொடுத்து அமர்த்திக்கொண்டார். பெயர் ஒருவருடையது, உருவம் இன்னொருவருடையது. 1927ல் முதல் போட்டிக்கு மிட்செல்தான் பிரிட்டனின் கேப்டனாகக் கப்பலேற வேண்டியவர். குடல்வால் நோய் வந்து படுத்துவிட்டார். கோப்பையின் உச்சியில் பொன்னாக நின்றவர் அந்தக் கோப்பைக்கான முதல் ஆட்டத்தை ஆட முடியாமல் போனது. டெட் ரே கேப்டனானார்.

கோப்பைக்குக் கொடுத்தவர் பெயரை வைப்பது உலக வழக்கம். நம் ஊர்க் கபடித் திடல்களில், கைப்பந்துத் திடல்களில் 'இன்னார் நினைவுச் சுழற்கோப்பை' என்று பதாகை கட்டுகிறோமே, அதேதான். ரைடர் கோப்பையும் ஒரு சுழற்கோப்பை. வென்றவர் வைத்திருப்பார், தோற்றால் கொடுத்துவிடுவார், டிராவானால் ஏற்கெனவே வைத்திருப்பவரிடமே தங்கும். ஆனால் கொடுப்பவர் தாமே தம் பெயரை வைத்துக்கொண்டார் என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. கிருஷ்ணனாலும் அமிர்தராஜாலும் நமக்கு நன்கு பழகிய டேவிஸ் கோப்பையை டுவைட் டேவிஸ் 1900ல் கொடுத்தபோது அதற்கு 'சர்வதேச லான் டென்னிஸ் சவால் கோப்பை' என்றுதான் பெயர். அவ்வளவு நீளத்தை யார் சொல்லுவார்? கோல்ஃபிலும் இதே கதை நடந்தது. 1920ல் அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் தலைவராக இருந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் வாக்கர், சம்பளமில்லா ஆட்டக்காரர்களின் நாடுகளுக்கிடைப் போட்டிக்கு ஒரு கோப்பை கொடுத்தார். 'சர்வதேச சவால் கோப்பை' என்று பெயரிட்டார். செய்தித்தாள்கள் அதை 'வாக்கர் கோப்பை' ஆக்கிவிட்டன. அவர் அதை ரசிக்கவில்லை என்று சொல்வதுண்டு. அந்தப் பெயர் கோல்ஃபுக்கு வெளியேயும் போயிற்று: அவர் பேரன் ஜார்ஜ் ஹெர்பர்ட் வாக்கர் புஷ், கொள்ளுப்பேரன் ஜார்ஜ் வாக்கர் புஷ், இருவரும் அமெரிக்க அதிபர்கள். ஈராக் போர்க்காலத்தில் உலகம் முழுக்கச் சொன்ன அந்த 'டபிள்யூ' எழுத்துக்குள் ஒரு கோல்ஃப் கோப்பையின் பெயர் மடிந்து கிடந்தது.

1922ல் வாக்கர் கோப்பையின் முதல் ஆட்டத்தைத் 'தி டைம்ஸ்' பத்திரிகைக்காக எழுதப் போனவர் பெர்னார்ட் டார்வின், பரிணாமக் கொள்கை சொன்ன டார்வினின் பேரன். பிரிட்டிஷ் கேப்டனுக்கு உடல்நிலை சரியில்லாமல் போக, பேனாவை வைத்துவிட்டு மட்டையை எடுத்து ஆடி, தம் ஒற்றையர் ஆட்டத்தை வென்றார். இது நம் பெயருக்கு நேரே சம்பந்தப்பட்டதல்ல. சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

ரைடர் இந்தப் போட்டியைக் கண்டுபிடித்தவர் அல்ல. பிரிட்டிஷ், அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 1921ல் ஸ்காட்லாந்தின் கிளெனீகிள்ஸில் மோதியிருக்கிறார்கள். 1926ல் வெண்ட்வொர்த்தில் மறுபடி மோதினார்கள். பிரிட்டன் 13½–1½ என்று நசுக்கிவிட்டது. பார்வையாளர் கூட்டத்தில் ரைடர் இருந்தார். வென்ற அணியில் ஆளுக்கு ஐந்து பவுண்டு தருகிறேன், ஷாம்பெயினும் கோழி சாண்ட்விச்சும் வைத்து விருந்தும் தருகிறேன் என்று அவர் சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. ஆனால் வெண்ட்வொர்த் ஆட்டம் ரைடர் கோப்பைக் கணக்கில் சேரவில்லை. அந்த ஆண்டு பிரிட்டனில் பொது வேலைநிறுத்தம். எதிர்பார்த்த அமெரிக்கர்கள் எல்லாரும் வந்து சேரவில்லை. அமெரிக்கா என்ற பெயரில் ஆடியவர்களில் சிலர் பிறப்பால் அமெரிக்கர்களும் அல்லர். ஆஸ்திரேலியரான ஜோ கர்க்வுட் கூட அந்த அணியில் இருந்தார்.

ஆகவே கணக்கு 1927ல், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வுஸ்டரில் தொடங்குகிறது. பிரிட்டிஷ் அணியின் கப்பல் செலவுக்கு 'கோல்ஃப் இல்லஸ்ட்ரேட்டட்' இதழ் 3,000 பவுண்டு திரட்ட முனைந்தது, 500 குறைந்தது. ரைடர் தம் பையிலிருந்து போட்டார். பெயர் நிலைத்ததற்குக் காரணம் கோப்பை மட்டுமல்ல, அந்த 500 பவுண்டும்தான் என்று நான் நினைக்கிறேன். கோப்பை கொடுக்கப் பலர் உண்டு, வழிச்செலவு கொடுக்க ஆள் கிடைப்பதில்லை. வால்டர் ஹேகன் தலைமையில் அமெரிக்கா 9½–2½ என்று வென்றது. ரைடர் அதைப் பார்க்கவில்லை. தம் பெயரிலான போட்டியை அவர் நேரில் பார்த்தது இரண்டு முறைதான்: 1929ல் லீட்ஸ் பக்கம் மூர்டவுனிலும், 1933ல் சவுத்போர்ட்டிலும். இரண்டிலும் பிரிட்டன் வென்றது. 1936 ஜனவரியில் இறந்தபோது அவருக்குப் பிடித்தமான 'மேஷி' மட்டையையும் உடன் வைத்துப் புதைத்தார்கள். மேஷி என்ற பெயர் இன்று ஆட்டக்காரர் பையில் இல்லை. எண் போட்ட மட்டைகள் வந்தபின் ஐந்தாம் எண் இரும்பு அதன் இடத்தைப் பிடித்தது.

பழைய சொல் தேயாமல் இருக்கும் இடம் ஒன்று உண்டு என்றால் அது இந்தப் போட்டியின் ஆட்டமுறை. வழக்கமான கோல்ஃப் போட்டியில் நான்கு நாளில் எத்தனை அடியில் முடித்தார் என்று கூட்டிப் பார்ப்பார்கள். ரைடர் கோப்பையில் அப்படியில்லை. குழிக்குக் குழி வெற்றி தோல்வி. ஒரு குழியில் ஒருவர் ஒன்பது அடி அடித்துச் சொதப்பினாலும் அந்தக் குழிதான் போயிற்று, ஆட்டம் போகவில்லை. அதனால் முடிவைச் சொல்லும் கணக்கும் வேறு. 'நாலுக்கு மூணு' என்று செய்தி வந்தால், நான்கு குழி முன்னிலையில் இருக்கிறார், ஆட வேண்டியது மூன்றுதான் பாக்கி, இனி ஆடிப் பயனில்லை என்று கைகுலுக்கிவிட்டார்கள் எனப் பொருள்.

முதல் இரண்டு நாள் ஆட்டங்களில் ஒருவகைக்கு 'ஃபோர்சம்' என்று பெயர். நான்கு பேர் சேர்ந்து ஆடப் போனாலே ஃபோர்சம் என்று சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ரைடர் கோப்பையில் அது கண்டிப்பான ஒரே பொருள் கொண்டது. ஒரு பக்கத்துக்கு இரண்டு பேர், ஆனால் ஒரே பந்து. மாறி மாறி அடிக்க வேண்டும். ஒற்றைப்படைக் குழிகளில் ஒருவர் முதல் அடி அடித்தால், இரட்டைப்படையில் மற்றவர். கூட்டாளி புதருக்குள் தள்ளிய பந்தை நீங்கள்தான் போய் எடுத்து அடிக்க வேண்டும், அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு, 'பரவாயில்லை' என்று சொல்லிக்கொண்டு. எண்ணுக்குப் பின் 'சம்' சேர்த்து இத்தனை பேர் கூடியது என்று சொல்வது ஸ்காட்லாந்தில் வேரூன்றிய வழக்கு. எட்டுப் பேர் ஆடும் நாட்டுப்புற நடனத்துக்கு அங்கே 'எயிட்சம்' என்று பெயர். அமெரிக்கத் தொலைக்காட்சியில் இதையே 'மாற்றி மாற்றி அடிப்பது' என்ற பொருள்படும் தொடரால் விளக்கிச் சொல்கிறார்கள். ஸ்காட்லாந்துச் சொல் எனக்குப் பிடிக்கிறது. அதில் அடியின் கணக்கு இல்லை, ஆட்களின் கூட்டு இருக்கிறது.

மற்றொரு வகை 'ஃபோர்பால்'. இதில் நால்வருக்கும் தனித்தனிப் பந்து. ஒவ்வொரு பக்கத்திலும் இருவரில் குறைவாக அடித்தவரின் கணக்கே அந்தப் பக்கத்தின் கணக்கு. 1927ல் இது இல்லை. தொடக்கத்தில் நான்கு ஃபோர்சம், எட்டு ஒற்றையர், ஒவ்வொன்றும் 36 குழி, மொத்தம் 12 புள்ளி, இரண்டு நாள். 1961ல் 18 குழியாக்கி ஆட்டங்களை இரட்டித்தார்கள். 1963ல்தான் ஃபோர்பால் நுழைந்தது, மூன்றாம் நாளும் வந்தது. அந்த ஆண்டு அமெரிக்கக் கேப்டன் ஆர்னால்ட் பால்மர் தாமும் ஆடினார். அவருக்குப் பின் எந்தக் கேப்டனும் ஆடவில்லை. 'கேப்டன்' என்ற சொல் அன்றிலிருந்து இங்கே மட்டை பிடிக்காதவரைக் குறிக்கிறது. யார் யாரோடு சேருவது, யார் உட்காருவது என்று தீர்மானிப்பதே அவர் வேலை. இப்போது வெள்ளியும் சனியும் நாளுக்கு நான்கு ஃபோர்சம், நான்கு ஃபோர்பால். ஞாயிறு பன்னிரண்டு பேரும் ஒற்றையரில் இறங்க வேண்டும். மொத்தம் 28 புள்ளி. கோப்பையைப் பறிக்க 14½ வேண்டும், வைத்திருப்பவர் தக்கவைக்க 14 போதும்.

அந்த அரைப் புள்ளிக்கும் பேர் உண்டு. சமமாக முடிந்த குழியை, ஆட்டத்தைப் 'பாதியானது' என்பார்கள். அதையொட்டி வரும் இன்னொரு சொல் 'டார்மி'. எத்தனை குழி பாக்கியோ அத்தனை குழி முன்னிலையில் இருப்பவர் டார்மி. மிஞ்சிப்போனால் ஆட்டம் சமமாகும், தோற்க மாட்டார். தூங்குவது என்ற பொருளுள்ள பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது, இனி தூங்கினாலும் தோல்வியில்லை என்பது கருத்து என்று ஒரு விளக்கம் பரவலாக உண்டு. அழகாக இருக்கிறது; ஆதாரம் வலுவாக இல்லை. சமமானால் கூடுதல் குழி ஆடி முடிவு காணும் போட்டிகளில் இந்தச் சொல்லுக்கு வேலையில்லை, ஏனென்றால் அங்கே டார்மியும் தோற்கலாம். ரைடர் கோப்பையில் கூடுதல் குழி கிடையாது. அதனால் டார்மி தன் முழுப்பொருளோடு இங்கே உயிர் வாழ்கிறது.

அரைப் புள்ளி விளையாடாமலும் வரும். ஞாயிறன்று ஒருவர் காயத்தால் ஆட முடியாவிட்டால், எதிரணிக் கேப்டன் முன்கூட்டியே ஓர் உறையில் எழுதி மூடிக் கொடுத்த பெயருக்குரியவர் உட்கார வேண்டும். ஆளுக்கு அரைப் புள்ளி. வேண்டாத பெயர் என்று எழுதப்பட்டவர் உறை பிரியும் நாளில் எப்படி உணர்வார் என்று யோசித்துப் பாருங்கள். 2025ல் நியூயார்க்கின் பெத்பேஜ் பிளாக்கில் ஐரோப்பாவின் விக்டர் ஹோவ்லண்டின் கழுத்து பிடித்துக்கொள்ள, உறை பிரிந்தது; அமெரிக்காவின் ஹாரிஸ் இங்லிஷ் உட்கார்ந்தார். பெயர் இங்லிஷ், நாடு அமெரிக்கா, எதிரணிக்குப் பெயர் ஐரோப்பா.

அந்த 'ஐரோப்பா'வைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1927ல் எதிரணியின் பெயர் 'கிரேட் பிரிட்டன்'. 1929ல் எழுதிய அறக்கட்டளைப் பத்திரத்தில், ஆடுபவர் அந்த நாட்டில் பிறந்தும் இருக்க வேண்டும், வாழ்ந்தும் இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். இதனால் 1931ல் பெர்லின் கிளப்பில் வேலை பார்த்த பெர்சி ஆலிஸும், பாரிஸ் பக்கம் வேலை பார்த்த ஆப்ரி பூமரும் தகுதி இழந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் அணியோடு திரும்பாமல் அமெரிக்காவில் தங்க விரும்பிய ஹென்றி காட்டனும் அணியில் இல்லை. ஐரோப்பாவில் வாழ்ந்த குற்றத்துக்காக விலக்கப்பட்ட பெர்சி ஆலிஸுக்கு அதே 1931ல் பெர்லினில் பிறந்த மகன் பீட்டர் ஆலிஸ், பின்னாளில் இதே கோப்பைக்காகப் பல முறை ஆடினார்.

பெயர் பொய் சொன்ன காலமும் உண்டு. 1953ல் அயர்லாந்துக் குடியரசைச் சேர்ந்த ஹாரி பிராட்ஷா அணியில் ஆடினார். அணியின் பெயர் அப்போதும் கிரேட் பிரிட்டன்தான். தனி நாடாகிப் போனவரைப் பழைய பெயரிலேயே கூப்பிட்டுக்கொண்டு இருபது ஆண்டு ஓட்டினார்கள். 1973ல்தான் 'கிரேட் பிரிட்டனும் அயர்லாந்தும்' என்று திருத்தினார்கள்.

திருத்தியும் பயனில்லை, தோல்விதான். 1979க்கு முன் நடந்த 22 போட்டிகளில் அமெரிக்கா 18ல் வென்றிருந்தது. வென்று வென்று அலுத்துப்போன அமெரிக்கர்களில் ஜாக் நிக்லஸ், பிரிட்டிஷ் தொழில்முறை சங்கத்தின் தலைவராக இருந்த டெர்பி பிரபுவுக்கு எழுதினார்: ஐரோப்பியர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையேல் இதில் சுவாரசியம் இல்லை. எதிரியின் யோசனையால் எதிரணிக்குப் பெயர் மாறியது விளையாட்டு வரலாற்றில் அபூர்வம். எதிரிக்கு இப்படி இடம் கொடுப்பது நிக்லஸுக்குப் புதிதும் அல்ல. 1969ல் பர்க்டேலில் கடைசி ஆட்டம், கடைசி குழி. டோனி ஜாக்லினின் பந்து இரண்டடி தூரத்தில் நிற்கிறது. தவறினால் அமெரிக்காவுக்கு முழு வெற்றி. நிக்லஸ் அதை அடிக்கவே வேண்டாம் என்று விட்டுக்கொடுத்துவிட்டார். 16–16, முதல் டிரா. ஆங்கிலத்தில் 'விட்டுக்கொடுத்தல்' என்று பெயர் பெற்றுவிட்ட அந்தச் செயலின் பெயரையே பின்னாளில் இருவரும் சேர்ந்து ஃப்ளோரிடாவில் அமைத்த கோல்ஃப் கிளப்புக்கு வைத்தார்கள்.

1979ல் 'ஐரோப்பா' என்ற பெயரில் முதலில் களமிறங்கியவர்களில் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் வெளியிலிருந்து வந்தவர்கள் இருவர், இருவரும் ஸ்பானியர்: அந்தோனியோ கரிடோ, செவே பயஸ்தெரோஸ். இப்போது அந்த வில்லை எடுங்கள். பயஸ்தெரோ என்றால் ஸ்பானிய மொழியில் குறுக்குவில்லாளர். வில் பழகுங்கள், கோல்ஃப் ஆடாதீர்கள் என்று 1457ல் சட்டம் போட்ட நாட்டின் விளையாட்டில், வில்லாளர் என்று பெயர் கொண்ட ஒருவர் வந்து ஐநூறு ஆண்டு கழித்துக் கோப்பையின் போக்கைத் திருப்பினார். தற்செயல்தான். சொல்லாராய்ச்சியில் தற்செயலுக்கு மதிப்பெண் இல்லை, மகிழ்ச்சி உண்டு. பயஸ்தெரோஸும் ஹோசே மரியா ஒலாசாபலும் ஜோடியாக 15 ஆட்டம் ஆடி 11ல் வென்றார்கள், இரண்டில்தான் தோற்றார்கள். 1985ல் ஐரோப்பா வென்றது. 1979 தொடங்கி 2025 வரை 23 போட்டி. ஐரோப்பா 13, அமெரிக்கா 9, ஒன்று டிரா. பிரிட்டன் 2016ல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்தது. கோல்ஃபில் அதற்கு விலகல் இல்லை. ஆங்கிலேயர்களும் ஸ்காட்லாந்துக்காரர்களும் இன்றும் நீலத்தில் மஞ்சள் நட்சத்திரக் கொடியின் கீழ் ஆடுகிறார்கள். ஐரோப்பா என்ற சொல் அரசியலில் சுருங்கிய இடத்தில் இங்கே சுருங்கவில்லை.

இடையில் பணம் கொடுத்துக் காப்பாற்றியவர்களையும் சொல்லிவிட வேண்டும். உலகப் போருக்குப் பின் 1947ல் பிரிட்டிஷ் அணிக்கு அமெரிக்கா போகப் பணமில்லை. ஒரெகன் மாநிலத்தின் பழத்தோட்ட வணிகர் ராபர்ட் ஹட்சன் முழுச்செலவையும் ஏற்று வரவழைத்தார். வந்தவர்களை அமெரிக்கா 11–1 என்று அனுப்பிவைத்தது வேறு விஷயம். 1957ல் லிண்ட்ரிக்கில் நடந்த போட்டிக்கு ஸ்டூவர்ட் குட்வின் என்ற தொழிலதிபர் 10,000 பவுண்டு கொடுத்தார். பின்னர் சிலமுறை விஸ்கி நிறுவனப் பெயர்கள் முன்னால் ஒட்டிக்கொண்டு வந்து உதிர்ந்தும் போயின. ரைடர் கொடுத்ததைவிட இவர்கள் கொடுத்தது பெரிது. பெயர் முதலில் கொடுத்தவருக்கே நின்றுவிட்டது.

ஆண்டுக்கும் ஒரு பெயர்க்கதை இருக்கிறது. 2001 செப்டம்பர் இறுதியில் இங்கிலாந்தின் பெல்ஃப்ரியில் நடக்க வேண்டியது, நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலால் ஓராண்டு தள்ளிப்போயிற்று. 2002ல் ஆடினார்கள், திடலெங்கும் பதாகைகளில் 2001 என்றே இருந்தது. அச்சடித்ததை மாற்றவில்லை. அதன்பின் போட்டி இரட்டைப்படை ஆண்டுகளில் நடந்து, பெருந்தொற்றால் 2020ஐத் தவறவிட்டு 2021ல் பழைய தடத்துக்குத் திரும்பியது. பெல்ஃப்ரி என்பதும் ஏமாற்றும் பெயர்தான். மணிக்கூண்டு என்பது பொருள். ஆனால் சொல்லின் மூலத்தில் மணியே இல்லை. கோட்டை முற்றுகைக்குத் தள்ளிச் செல்லும் மரக்கோபுரத்தைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல், ஆங்கிலத்தில் மணியைக் குறிக்கும் 'பெல்' உடன் ஒலி ஒத்துப்போனதால் மணிக்கூண்டாக உருமாறியது.

பெண்களுக்கான இணைப் போட்டி 1990ல் தொடங்கிய சோல்ஹைம் கோப்பை. பெயர் கொடுத்தவர் கார்ஸ்டன் சோல்ஹைம், நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் பொறியாளராக இருந்தவர். வீட்டுக் கார்க்கொட்டகையில் தாமே வடிவமைத்த பட்டர் மட்டை பந்தில் பட்டதும் 'பிங்' என்று ஒலித்தது. அதையே நிறுவனப் பெயராக்கினார். ஒலியைப் பெயராக்கியவரின் பெயர் கோப்பைக்குப் போயிற்று. 1994ல் ஐரோப்பா தவிர்த்த உலகத்துக்கும் அமெரிக்காவுக்குமாகத் தொடங்கிய பிரசிடென்ட்ஸ் கோப்பைக்கு ஒரு கொடையாளியின் பெயர் இல்லை, பதவியின் பெயர்தான். 2015ல் தென்கொரியாவில் நடந்த அந்தப் போட்டியில் அனிர்பன் லாஹிரி ஆடினார், அதில் இடம்பெற்ற முதல் இந்தியர். ரைடர் கோப்பையின் இன்றைய விதியில் ஆசிய நாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ள ஒருவர் இரண்டு அணியிலும் ஆட வழியில்லை.

பரிசுப் பணம் என்று இந்தப் போட்டியில் எதுவும் கிடையாது. 2025ல் அமெரிக்கச் சங்கம் தன் ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஐந்து லட்சம் டாலர் ஒதுக்கி, அதில் மூன்று லட்சத்தை அறப்பணிக்கும் இரண்டு லட்சத்தை அவரவர் விருப்பத்துக்கும் என்று பிரித்தது. ஐரோப்பியர்கள் ஒன்றும் வாங்கவில்லை, 15–13 என்று வென்றார்கள். அடுத்த போட்டி 2027ல், வுஸ்டருக்கு நூறாவது ஆண்டில், அயர்லாந்தின் லிமெரிக் மாவட்டத்து அடேர் மேனரில். போரிலும் தொற்றிலும் விடுபட்டவை போக அது 46வது போட்டி.